அரிதாகப் பாவிக்கப்படும் உழவு இயந்திரம்

டிரக்டருக்கு இரண்டு பெரிய ஆபத்துகள் உண்டு என்று மேலிடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று துரு. மற்றது பாவனை, அதாவது அதை ஓட்டி வேலை வாங்குவது. துருவுக்கு கிறீஸ் இருக்கிறது. பாவனைக்கு ஒரு மருந்தும் இல்லையே என்ற குறையைப் போக்கத்தான் இரத்தினபுரியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். "அரிதாகப் பாவிக்கப்படும் உழவு இயந்திரங்களைப் பேணிப் பாதுகாக்கும் விசேட கருத்திட்ட அலுவலகம்" என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால் மிச்சத்தைப் பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். முன்வாசலால் போகிறவர்களுக்கு "அரிதாகப் பாவிக்கப்படும்" என்பது மட்டும்தான் தெரியும். அலுவலகத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஊரார் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த அலுவலகத்தின் கடைக்கண் பார்வை எங்கள் ஆனைக்கல் தோட்டத்தின்மேல் விழுந்த கதை இது.

றக்வானையிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். மேல் டிவிஷனுக்குப் போகிற பாதை ஒரு மழைக்காலத்தில் பாதி சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து கொழுந்து லொறி மேலே வருவதில்லை. மேல்மலையில் பறிக்கிற கொழுந்தைப் பெண்கள் சாக்கில் கட்டி, தலையில் தூக்கி, கீழே கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் இறக்க வேண்டும். பாதிவழியில் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே சாக்கை இறக்கிவைத்து மூச்சுவாங்கிவிட்டு மறுபடி தூக்குவார்கள்.

மேல் லயத்தில் குடியிருக்கும் இருளாயிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. இறக்கத்தில் அவர் வருவதை முழங்கால் சத்தத்தை வைத்தே பக்கத்து மலையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். சுமை தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் சொன்னார். "ஹரி மாத்தயா" என்று இவரும் சிங்களத்திலேயே ஒப்புக்கொண்டு வந்து மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கினார். வேறென்ன செய்வது? ஓய்வுபெற இன்னும் சில வருஷம் கிடக்கிறது. அதுவரைக்கும் முழங்கால் தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையில் நிற்க முடியாது. மாரியம்மனிடம் அவர் கேட்டதெல்லாம் அதைத்தான்.

ஆகவே தோட்டத்தார் டிரக்டர் கேட்டோம். பாதி பாதையில் லொறி வராது, டிரக்டர் வரும். கேட்டுக் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்மார் கொழும்புக்குப் போய் வந்து, கடைசியில் சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்று வந்தே விட்டது. தேயிலைத் தோட்டத்தில் உழுவதற்கு ஒன்றும் இல்லையென்றாலும் அரசாங்கத் தமிழில் அது உழவு இயந்திரம். அதன் வருகையை முன்னிட்டு வாழை கட்டி ரிப்பன் வெட்டினார்கள். தாமதமாக வந்த இன்னொரு பெரிய மனிதருக்காக, வெட்டிய ரிப்பனை முடிச்சுப்போட்டு மறுபடியும் வெட்டினார்கள். இருளாயிதான் தேங்காய் உடைத்தார்.

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று அழுதார். எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் டிரக்டர் ஓடியது. எங்கள் ராமச்சந்திரன்தான் டிரைவர். மேலே கொழுந்தைப் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றினால் கீழே மடுவத்தில் வந்து நிற்கும். பெண்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கினார்கள். இருளாயிக்குத் தலையில் பாரம் இல்லாமல் நடப்பது பழக்கமில்லாததால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டே வந்தார். முழங்கால் சத்தமும் கொஞ்சம் குறைந்திருந்தது.

அடுத்த வாரம் கருத்திட்ட இணைப்பாளர் ஹில்மி வந்தார். எம்பிலிப்பிட்டிப் பையன், மரியாதையானவர், சட்டைப்பையில் இரண்டு பேனை. டிரக்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சில்லில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அல்லாஹ்வே, என்ன செஞ்சீக்கிறீங்க!"

"கொழுந்து ஏத்துனோம் சேர்," என்றார் ராமச்சந்திரன்.

"எத்தனை தரம்?"

"டெய்லிங்க."

ஹில்மி கொட்டகையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு அலுவலகத் தமிழுக்கு மாறினார்.

"தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள். இது அரிதாகப் பாவிக்கப்படும் உழவு இயந்திரம். தினமும் பாவித்தால் இது தினமும் பாவிக்கப்படும் உழவு இயந்திரம் ஆகிவிடும். எங்கள் கருத்திட்டத்தின் கீழ் வராது."

"வராட்டி என்னாங்க சேர்? வேற திட்டத்துக்கு மாத்திவிடுங்க," என்றார் இருளாயி. "தெனமும் ஓடுற டிரக்டருக்குன்னு ஒரு திட்டம் இருக்கும்தானே?"

"இல்லை, அம்மா. ஓடுகிற டிரக்டருக்கு எதற்குத் திட்டம்? அதுதான் ஓடுகிறதே."

"அப்ப இத என்னா செய்வீங்க?"

"திருப்பி எடுத்துக்கொண்டு போவோம்," என்றார் ஹில்மி, மிகுந்த வருத்தத்துடன்.

இவ்வளவு நியாயமாக ஒருவர் பேசினால் பதில் சொல்வது சிரமம். தோட்டத்தை நடத்தும் துரை சிங்களவர், தமிழில் எது சொன்னாலும் "ஹரி ஹரி" என்பார். அப்போதும் அதைத்தான் சொன்னார். எங்கள் தலைவர் மட்டும் வாங்கின்மேல் ஏறி, "போராடி வாங்குன டிரக்டர்! என்னா வந்தாலும் விட்டுக் குடுக்க மாட்டோம்!" என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினோம். டிரக்டரைத் தக்கவைத்துக்கொள்ளும் பொருட்டு அதைத் தொடுவதில்லை என்று அங்கேயே ஏகமனதாக முடிவாயிற்று. இருளாயியும் கைதட்டினார். மறுநாள் சாக்கு மறுபடி தலைக்கு ஏறியது.

பாவனை நின்றதும் பராமரிப்பு ஆரம்பமாயிற்று. ஓடாத டிரக்டருக்கு எவ்வளவு வேலை என்று ஓடுகிற டிரக்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. முதலில் அதற்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. பாதிவழிக் கொட்டகைதான் இருந்த ஒரே கூரை. டிரக்டர் அதற்குள் போனது, சாக்குகள் வெளியே வந்தன. மழை வந்தால் பெண்கள் டிரக்டரைப் பார்த்தபடி வெளியில் நின்று மூச்சுவாங்கினார்கள். டயர் ஒரே பக்கமாக நசுங்கக்கூடாது என்று நான்கு மூலையிலும் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். என்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற பெட்ரிக்குக் குளிர் ஆகாது என்று கழற்றிக்கொண்டுபோய்த் துரை பங்களாவில் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எண்ணெய்த் தாங்கிக்குள் ஈரம் சேராமலிருக்க டீசல் எப்போதும் கழுத்துவரை நிறைந்திருந்தது. எலி வயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பூனையையும் நியமித்தார்கள். பூனை முறையாக விண்ணப்பிக்கவில்லை என்றாலும் சேவையின் அவசியம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரிக்கும்போது டிரக்டர் வேலைக்குத்தான் முதலில் பிரித்தார்கள். கழுவ ஆள், துடைக்க ஆள், டயருக்குக் கறுப்புப் பாலிஷ் பூச ஆள், கோழி ஏறாமல் விரட்ட ஆள். மிச்சப்பட்டவர்கள் கொழுந்துக்குப் போனார்கள்.

புதன்கிழமைதோறும் பங்களாவிலிருந்து பெட்ரி இறங்கி வரும். ராமச்சந்திரன் யூனிஃபோம் போட்டுக்கொண்டு ஏறி, ஸ்டார்ட் பண்ணி, கியர் போடுவார். பெரிய சில்லு இரண்டும் கட்டைக்குமேல் ஆகாயத்தில் சுற்றும். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் தலையில் சாக்கோடு அந்தப் பக்கம் இறங்குவார்கள்.

"தம்பி, இது எங்க போவுது?" என்று கேட்டார் இருளாயி ஒரு நாள்.

"எங்கயும் போவலக்கா. ஓடுது."

"ஓடுனா எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாங்களே?"

ராமச்சந்திரனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அடுத்த தடவை வந்தபோது ஹில்மியிடம் கேட்டுவிட்டார். ஹில்மி சிரித்தார். விஷயம் தெரிந்தவர் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"சில்லு தரையில் பட்டு ஓடினால் பாவனை. ஆகாயத்தில் ஓடினால் பராமரிப்பு."

ராமச்சந்திரன் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் ஹோர்னும் அடித்தார், பாதையில் யாரோ குறுக்கே வந்ததுபோல.

அழகான பொருள் ஓரிடத்தில் சும்மா நின்றால் நாகரிகம் தேடி வந்துவிடும். கீழ் டிவிஷன் ஷாமிளாவுக்கும் கொழும்பில் புடவைக்கடையில் வேலைசெய்யும் கிருஷாந்துக்கும் கல்யாணம் நிச்சயமானது. இப்போதெல்லாம் தாலி இல்லாமலும் கல்யாணம் நடந்துவிடும், பிரீஷூட் இல்லாமல் நடக்காது. படப்பிடிப்புக்காரர் மூன்று குடையோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். மணப்பெண் முதுகில் ஒரு கொழுந்துக் கூடை. இரத்தினபுரியில் வாடகைக்கு எடுத்தது. எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சாக்குக்கு மாறி வெகுகாலமாகிறது. மாப்பிள்ளை பெண் இல்லாத திசையில் பார்க்க வேண்டும், பெண் அவர் பார்க்காததைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். அந்தப் பக்குவம் வந்துகொண்டிருந்தபோது மேலே இருந்து இருளாயி சாக்கோடு இறங்கினார்.

"அம்மா, கொஞ்சம் ஓரமா போங்க! பிரேமுக்குள்ள வாறீங்க!"

"எங்கப்பா ஓரம்? அந்தப் பக்கம் பள்ளம்."

"அப்ப அங்கனயே நில்லுங்க. ரெண்டு ஷொட்தான்."

இருளாயி சாக்கோடு நின்றார். இரண்டு ஷொட் என்றது இருபதாயிற்று. ஒரு நல்ல குணம், அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். "புள்ளைங்க சோடி நல்லா இருக்கு" என்றும் சொன்னார். அந்தப் படங்கள் பேஸ்புக்கில் ஏறிய பிறகு தோட்டத்தில் டிரக்டர் படம் இல்லாத விசேஷமே இல்லை. காதுகுத்துக்கும் டிரக்டர், சாமத்தியச் சடங்கு பேனரிலும் டிரக்டர். நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். என்னைவிட டிரக்டர்தான் நன்றாக விழுந்திருக்கிறது.

அப்படி இருக்கையில் எம்பிலிப்பிட்டியில் மாகாண மட்டப் போட்டி அறிவித்தார்கள்: சிறந்த முறையில் பராமரிக்கப்படும், அரிதாகப் பாவிக்கப்படும் உழவு இயந்திரம் எது? ஹில்மி ஓடோடி வந்து செய்தி சொன்னார். பரிசு என்னவென்பது இரகசியம் என்றும் சொன்னார். துரை "ஹரி ஹரி" என்றார்.

ஒரேயொரு சிக்கல். எம்பிலிப்பிட்டிக்கு ஏற்றிப்போகும் பெரிய லொறி கீழ்ப் பாதையில்தான் நிற்கும். டிரக்டர் பாதிவழிக் கொட்டகையில் இருக்கிறது.

"நான் ஓட்டிக்கிட்டு எறங்கிருவேன். பத்து நிமிஷ வேலை," என்றார் ராமச்சந்திரன்.

"தரையிலா?" என்றார் ஹில்மி.

ராமச்சந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆழ்ந்து யோசித்ததில் வழி பிறந்தது. என்ஜின் ஓடாமல், மனிதர்கள் இறக்கிக்கொண்டு போனால் அது பாவனை அல்ல, இடமாற்றம். மலைத் தோட்டத்துக்காரர்களுக்கு அது தெரியாத வேலையா? எங்கள் மாரியம்மன் தேரை வருஷாவருஷம் இதே இறக்கத்தில்தான் இறக்குகிறோம். இறக்கத்தில் தேரை யாரும் முன்னால் இழுப்பதில்லை. வடத்தைப் பின்னால் கட்டி, ஊரே சாய்ந்து பிடித்துக்கொள்ள, தேர் தன் பாரத்திலேயே அங்குலம் அங்குலமாக இறங்கும். சில்லுக்குக் கட்டை போட இருவர் கூடவே போவார்கள். கோயிலிலிருந்து தேர்வடம் வந்தது. டயர் பாலிஷ் போகக்கூடாது என்று பெண்களிடமிருந்த கொழுந்துச் சாக்குகளை வாங்கி டயரைச் சுற்றிக் கட்டினார்கள். சாக்கு இல்லாததால் அன்று மேல்மலையில் கொழுந்து பறிக்கவில்லை. பெண்களும் வடம் பிடிக்க வந்துவிட்டார்கள்.

பிழை எங்கே நடந்தது என்றால், அந்த வடத்தில்தான். அந்த வடம் வெளியே வந்தால் தப்பு மேளம் அடிக்க வேண்டும் என்பது எங்கள் கைகளுக்குப் பழகிப்போனது. யாரும் சொல்லாமலே தப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் லயத்திலிருந்து ஆரத்தித் தட்டுகள் வந்தன. தேர் எல்லா லயத்து வாசலிலும் நின்றுதான் போகும். ஆகவே டிரக்டரும் நின்றது. ஒருவர் முன் விளக்குக்குப் பொட்டு வைத்தார். ஒருவர் கைக்குழந்தையை மட்காட்டில் ஒரு விநாடி வைத்து எடுத்தார். ஹில்மி பதறிப்போய், "இது சாமி இல்லைங்க, அரசாங்கச் சொத்து!" என்று கத்தினார். அதைக் கேட்டு இன்னும் பயபக்தியாகக் கும்பிட்டார்கள்.

மடுவத்துக்கு மேலே ஒரு செங்குத்து வளைவு இருக்கிறது. அங்கே வந்தபோது வடம் திடீரென்று இறுகியது. பின்வரிசையில் பிடித்திருந்த இருளாயியின் வலது முழங்கால் மடிந்து, அவர் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார். டிரக்டர் ஓர் அடி சறுக்கிக் கட்டையில் முட்டி நின்றது.

"டிரக்டருக்கு ஒன்னும் ஆவலையே?" என்றது ஒரு குரல்.

யாருடைய குரல் என்று கேட்க வேண்டாம். முன்னால் ஓடிய அத்தனை பேரும் மட்காட்டைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வடத்தை விட்டால் டிரக்டர் போய்விடும் என்பதால், கோபத்தோடு வடத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இருளாயியின் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. ராமச்சந்திரன் ஓடிவந்தார்.

"சேர், ஸ்டார்ட் பண்ணவா? அக்காவ ஏத்திக்கிட்டுக் கீழ போயிட்டா அங்க த்ரீவீல் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிறலாம்."

ஹில்மி முழங்காலைப் பார்த்தார், டிரக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். கண் கலங்கிவிட்டது. "ஸ்டார்ட் பண்ணுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தரையில் கிடந்த இருளாயியே கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி! ஸ்டார்ட் பண்ணிறாத! எடுத்துட்டுப் போயிருவாங்க!"

ஊர் நெகிழ்ந்துபோனது. கடைசியில் அவரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள்; என்ஜின் ஓடாத டிரக்டரில் ஆள் உட்காருவது பாவனையில் சேராது என்று ஹில்மி தீர்ப்புச் சொன்னார். இருளாயி ஒரு காலை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தப்பு முழங்க, ஊரே பின்னால் சாய்ந்து பிடிக்க இறங்கினார். வழியில் இருந்த வாசல்களில் அவருக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தார்கள். பத்து நிமிஷப் பாதையை இறங்கி முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது.

எம்பிலிப்பிட்டியில் எங்கள் டிரக்டருக்குத்தான் முதலிடம். தெரணியகலைப் பக்கத்திலிருந்து ஒன்று போட்டிக்கு வந்திருந்தது. சாலை வழியாகத் தானே ஓடி வந்த குற்றத்துக்காக வாசலிலேயே தகுதி இழந்துவிட்டது. நடுவர்கள் வெள்ளைக் கைக்குட்டையால் எங்கள் டிரக்டரின் அடிவயிற்றைத் துடைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கைக்குட்டையாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார்கள். பரிசை மேடையில் அறிவித்தபோது எங்கள் தலைவர் மயங்கி விழாத குறை. பரிசு, இன்னொரு டிரக்டர். அதே திட்டத்தின் கீழ்.

இரண்டாவது டிரக்டருக்காகக் கொட்டகையின் வெளித் திண்டையும் சேர்த்துத் தகரம் அடைத்தார்கள். பெண்கள் சாக்கை இறக்கிவைக்க மிஞ்சியிருந்த இடம் அதுதான். இருளாயிக்கு நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இனிச் சுமை வேண்டாம் என்று துரை இலகு வேலை கொடுத்தார்: இரண்டு டிரக்டரையும் துடைப்பது. ஒரு முக்காலி, ஒரு மஞ்சள் துணி, தோளில் போட ஒரு பட்டி. மாரியம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். முழங்கால் சத்தமே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து பம்பரைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு நிம்மதி.

ஒரு புதன்கிழமை நல்ல மழை. இரண்டு டிரக்டரும் ஆகாயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கருப்பாயி, இருளாயிக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, நனைந்த சாக்கோடு மேலிருந்து இறங்கி வந்தாள். சாக்கு இரட்டைப் பாரமாகிவிட்டது. கொட்டகை வாசலில் நின்று மூச்சுவாங்கினாள்.

"யக்கா, மொழங்காலு விட்டுப்போச்சு. சாக்க ஒரு நிமிஷம் அந்த மட்காட்டுல சாய்ச்சி வச்சிக்கவா?"

இருளாயி மஞ்சள் துணியோடு துள்ளி எழுந்தார்.

"தள்ளிப் போ புள்ள! சேறு பட்டா பாவிச்சதுன்னு சொல்லிருவாங்க. இதையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா, அப்புறம் நாம கொழுந்த எதுல கொண்டு போறது?"

கருப்பாயி கொஞ்ச நேரம் யோசித்தாள். டிரக்டர் வேலைக்காகக் கொட்டகைக்குள் நின்ற நாங்களும் யோசித்தோம்.

"அதுவும் சரிதான்க்கா," என்றாள். நாங்கள் எல்லோரும் கைகொடுத்து அவள் சாக்கைத் தலையில் ஏற்றிவிட்டோம்.